சொற்போரும் மனச்சான்றும்

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் சொற்போர் இல்லாத விழா அரிது. மாணவர் இரு சாராராகப் பிரிந்து, ஒரு சாரார் ஒட்டியும் மறுசாரார் வெட்டியும் பேசுவர். பெற்றோர் கைதட்டி மகிழ்வர். நடுவர் இருபுறமும் பாராட்டித் தீர்ப்பு வழங்குவர். கட்டுரைப் போட்டியும் ஏறத்தாழ இவ்வகையினதே. இவை யாவும் நன்றே. எனினும் இவற்றின் அடியில் ஓர் அறவினா உறங்கிக் கிடக்கின்றது. மாணவன் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கின்றோம். தான் நம்பாத ஒன்றையும் திறம்பட நிலைநாட்டுவானாயின் அவனுக்கே பரிசளிக்கின்றோம். அங்ஙனமாயின் நாம் அவனுக்குக் கற்பிப்பது சிந்தனையா, பொய்யா?

இவ்வினாவைப் பிறர் எழுப்பினும் எழுப்பாவிடினும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் எழுப்பியே ஆதல் வேண்டும். நம்மனோர்க்கு நிலமும் இல்லை. பெரும் முதலும் இல்லை. மனு எழுதவும், நேர்காணலில் விடையிறுக்கவும், அவை நடுவே நின்று நம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்கவும் வல்ல சொல்லே நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் உடைமை. அவ்வுடைமை தூயதாய் இருத்தல் வேண்டுமன்றோ?

சொற்போருக்கு எதிராகக் கூறப்படுவதை முதலில் முழுமையாகக் கேட்போம். நம்பாததைப் பேசிப் பழகிய நா, நாளடைவில் நம்பியதைப் பேசும் ஆற்றலை இழக்கும், கைதட்டலே அளவுகோலாகும், உண்மை இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்படும். இது புதிய அச்சமன்று. பண்டைய ஏதென்சு நகரில் கூலி பெற்றுப் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர்களைப் பற்றிப் பிளாட்டோ கொண்ட கவலையும் இதுவே. மருத்துவம் உடலுக்கு நன்மை செய்வது. சமையலோ நாவுக்கு இன்பம் தருவது. பேச்சுக்கலை உயிருக்கு மருத்துவமாகாமல் வெறும் சமையலாக நின்றுவிடுகின்றது என்பது 'கோர்கியாஸ்' என்னும் உரையாடல் நூலில் அவர் காட்டும் உவமை. அவருடைய மாணவர் அரிசுடாட்டில் வேறு கருத்தினர். ஒரு பொருளின் இருபக்கத்தையும் வாதிட அறிந்திருத்தல் வேண்டும். அது தீயதை நிலைநாட்டுவதற்கன்று. பொருளின் உண்மை நிலையைக் காண்பதற்கும், பிறர் நேர்மையின்றி வாதிடுங்கால் அதனை மறுப்பதற்குமே என்பது அவர் கொள்கை.

நம் முன்னோர் இதனை எங்ஙனம் கண்டனர்? திருக்குறளில் வாய்மை என்னும் அதிகாரம் முப்பதாவதாக அறத்துப்பாலில் நிற்கின்றது. சொல்வன்மை என்னும் அதிகாரம் அறுபத்தைந்தாவதாகப் பொருட்பாலில், அமைச்சியலில் நிற்கின்றது. இவ்வைப்புமுறை சிந்திக்கத் தக்கது. வாய்மை துறவறவியலில் உரைக்கப்பெறினும் மாந்தர் அனைவர்க்கும் உரியது. சொல்வன்மையோ பொறுப்பில் இருப்பவன் தன் கடமையை ஆற்றுதற்கு வேண்டும் கருவி. கருவி அறத்திற்குப் பின்னே வருகின்றது. ஆயினும் அது விலக்கப்படவில்லை. மணிமேகலையில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கத் தலைவி செவிமடுக்கின்றாள். கேட்ட பின்னரே அறவண அடிகளிடம் தருமம் கேட்டுத் தன் வழியைத் துணிகின்றாள். நீலகேசியோ முழுதும் வாதத்தினாலேயே இயன்ற காப்பியம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எழுவகை மதம் என ஒன்றை வகுத்துள்ளார். பிறர் கருத்தோடு உடன்படுதல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், எவரோடும் சாராது தன் கருத்தையே கொள்ளுதல். நம் சொற்போர் மேடைகளில் வழங்குவன இவற்றுள் எத்தனை? மறுத்தல், குற்றம் காட்டல் ஆகிய இரண்டே. உடன்படுவதும், உடன்பட்டுப் பின் களைவதும் மேடையில் தோல்வியெனக் கருதப்படுகின்றன. எழுநூறு ஆண்டுகட்கு முன்னர் ஏழு வழி அறிந்திருந்த நாம், இன்று பிள்ளைகளுக்கு இரு வழியே காட்டுகின்றோம். குறை சொற்போரில் இல்லை. அதனைக் குறுக்கிவிட்ட நம்மிடத்தில் உள்ளது.

பொதுவாகப் பேசுவதினும் ஒரு பொருளை எடுத்து ஆராய்தல் நன்று. நம் ஊரினும் சிறந்த பொருள் எங்குண்டு? "கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியது தக்கதே" என்பது தலைப்பென்று கொள்வோம். பாட்டனும் தந்தையும் சுரங்கத்தில் உழைத்த குடும்பத்து மாணவி ஒருத்திக்குச் சீட்டில் "தக்கதே" என்னும் பக்கம் வந்து அமைந்தது என்றும் கொள்வோம். அவள் யாது செய்தல் வேண்டும்?

முதற்கண் அவள் செய்திகளைத் திரட்டல் வேண்டும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைக் கைக்கொண்டனர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் இங்குக் கொண்டுவரப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் வந்து குழியில் இறங்கினர். ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1992இல் அது நலிந்த நிறுவனமென அறிவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு தொழில் நின்றது. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கு எடுக்கப்பட்ட பொன் 800 டன் அளவினது.

இனிக் காரணங்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றுவிட்டது. ஆழம் மிகுந்தோறும் வெப்பமும், பாறை வெடிப்பால் உயிருக்கு நேரும் இடரும், மனிதரையும் கல்லையும் மேலேற்றும் செலவும் மிகுந்தன. ஒரு டன் கல்லில் கிடைத்த பொன்னோ தொடக்க காலத்ததினும் மிகமிகக் குறைந்தது. மூடிய காலத்தில் உலகச் சந்தையில் பொன்னின் விலை அவுன்சு ஒன்றுக்கு முந்நூறு டாலருக்கும் கீழே இருந்தது. பாறைத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்ட தொழிலாளரைக் காணாத தெரு நம் லயன்களில் இல்லை. இவை "தக்கதே" என்பதற்குக் காரணங்கள். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று.

மறுபக்கத்தும் காரணங்கள் உண்டு. பொன்விலை பின்னர்ப் பன்மடங்கு உயர்ந்தது. ஆதலின் ஓராண்டின் விலையைக் கொண்டு ஓர் ஊரின் வாழ்வை அளந்தது சரியா என்னும் வினா எழுகின்றது. நீர் இறைப்பதை நிறுத்தியதால் குழிகளில் நீர் நிரம்பிற்று. மீண்டும் தொடங்க எண்ணுவோர்க்கு அது பெருந்தடை. மாற்றுத் தொழில் அமைத்த பின்னன்றோ மூடியிருத்தல் வேண்டும் என்பது தொழிலாளர் வாதம். 1964இல் தோன்றிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றினால் அத்தனை பேர்க்கும் வேலை தர இயலாது. ஆகவே மாரிக்குப்பத்தில் விடியுமுன் புகைவண்டி ஏறிப் பெங்களூரில் உழைத்து இரவில் திரும்பும் வாழ்வு நம் இளைஞர்க்கு வாய்த்தது. கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் பதின்மூன்றிலும் எஞ்சியுள்ள பொன்னை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்திற்குக் கருநாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தமையும் இங்குக் கருதத்தக்கது.

இரண்டையும் எழுதிப் பார்த்த அம்மாணவி, "தக்கதே" என்று மேடையில் பேசுவதனால் தன் பாட்டனாருக்கு இரண்டகம் செய்தவளாவாளா? ஆகாள் என்பதே நம் துணிபு. ஆயின் மூன்று கட்டளைகளுக்கு அவள் உட்படல் வேண்டும்.

முதலாவது, இது தனக்குத் தரப்பட்ட பக்கம் என்பதை அவளும் அறிந்து, அவையும் அறிந்திருத்தல். பொய் என்பது கேட்போனை ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்வது. நாடகத்தில் அரசனாக வேடம் தரித்தவன் "யான் அரசன்" என்பது பொய்யாகாதது எதனால்? அஃது வேடமென்பது இருவர்க்கும் தெரிதலினால் அன்றோ?

இரண்டாவது, பக்கம் தரப்பட்டதாயினும் செய்தி தரப்பட்டதன்று. ஆண்டையும் தொகையையும் கற்பனை செய்ய எவர்க்கும் உரிமையில்லை. எதிர்ப்பக்கத்துக் காரணத்தைத் திரித்துக் கூறுவதும் கற்பனையே. எதிராளியின் வாதத்தை நாம் எடுத்துரைக்கும்போது, "ஆம், யான் சொல்ல விழைந்தது இதுவே" என்று அவனே தலையசைத்தல் வேண்டும். அதன்பின் மறுப்பதே மறுப்பு. வலிமையற்ற உருவொன்றைத் தானே செய்து நிறுத்தி, அதனைத் தானே வீழ்த்துவது வைக்கோற் பொம்மையோடு மற்போர் புரிவதை ஒக்கும்.

மூன்றாவது, மேடையை விட்டு இறங்கிய பின்னர் அவள் தன் சொந்த முடிவைத் தன் கைப்பட எழுதல் வேண்டும். இதனையே நாம் இன்றியமையாததாகக் கருதுகின்றோம். இம்மூன்றாவது கட்டளை இல்லையேல், பிளாட்டோவின் அச்சம் மெய்யாகும். எத்தனை மேடைகளில் எத்தனைப் பக்கம் பேசினாலும், "என் மனச்சான்று சொல்வது இது" என எழுதிப் பழகாத பிள்ளை, வாழ்நாள் முழுதும் சீட்டில் வந்த பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கும்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நம்போலியர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு கோப்பில் குறிப்பு எழுதுங்கால் முதலில் மனுவின் சாரத்தைச் சுருக்கமாகவும் நடுநிலையோடும் தருகின்றோம்; அடுத்து அதற்குரிய விதியையும் முன்நிகழ்வையும் காட்டுகின்றோம்; பின்னர் இயலக்கூடிய வழிகளை அவற்றின் நன்மை தீமைகளோடு முன்வைக்கின்றோம்; ஈற்றில் பரிந்துரை எழுதி ஒப்பமிடுகின்றோம். மனுதாரர்க்குச் சாதகமாக உள்ள விதியை மறைத்து எழுதப்பட்ட குறிப்பு எத்துணை அழகிய நடையில் அமையினும் அநீதியே. அக்கோப்பின் மறுமுனையில் ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியம் நிற்கின்றது. மாணவர் கட்டுரைக்கும் இவ்வொழுங்கே போதும்: கூற்று, காரணம், சான்று, எதிர்வாதம், அதற்கு விடை, முடிவு. இவ்வாறும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

இனிச் சொல்வளம் பற்றிச் சில கூறுவோம். சொல்வளம் என்றவுடன் அரிய சொற்களை அடுக்குதல் என்று பல மாணவர் எண்ணுகின்றனர். கைப்பேசியில் தேடிக் கண்ட சொல்லைப் பொருள் அறியாமலே கட்டுரையில் பதிக்கின்றனர். அது வாடகை நகை அணிந்து மணவிழாவுக்குச் செல்வது போன்றது. ஒரு புதுச்சொல்லைக் கற்பது ஒரு புது வேறுபாட்டைக் கற்பதே ஆகும். நம் ஊர் வரலாற்றையே மூன்று வினைகளால் கூறலாம். "பொன் தீர்ந்தது" என்றால் குற்றம் மண்ணினது. "சுரங்கம் மூடப்பட்டது" என்றால் செயல் இருக்கின்றது, செய்தவர் மறைகின்றார். "சுரங்கம் கைவிடப்பட்டது" என்றால் பேணும் கடமை யாருக்கோ இருந்தது என்பது பெறப்படுகின்றது. மூன்றும் ஒரு நிகழ்ச்சியையே குறிப்பினும் மூன்றும் மூன்று வாதங்கள். பொதுத்துறையில் வழங்கும் "விருப்ப ஓய்வு" என்னும் தொடரில் விருப்பம் யாருடையது எனக் கேட்கத் தெரிந்த மாணவனே சொல்லறிந்தவன். தான் எழுதும் சொல்லிலும் அவ்வினாவை எழுப்புவானாயின் அவன் அறமும் அறிந்தவன்.

இவ்வுண்மையை நம் ஊர்த் தொழிலாளர் கல்லூரிக்குச் செல்லாமலே கண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அவ்விதழுக்கும் அவர்தம் பௌத்த இயக்கத்திற்கும் மாரிக்குப்பம் உள்ளிட்ட தங்க வயற் பகுதிகள் பெரும் துணையாய் நின்றன. பிறர் தம்மீது சுமத்திய இழிபெயரை ஏற்க மறுத்து, 'சாதிபேதமற்ற திராவிடர்' என்னும் பெயரை அவர் முன்வைத்தார். சொற்களின் வேரை ஆராய்ந்து இதழ்தோறும் எழுதினார். அவர் காட்டிய சொற்பிறப்புகள் அனைத்தையும் இன்றைய மொழியறிஞர் ஒப்புவர் என்பதற்கில்லை. எனினும் "என்னை எப்பெயரால் அழைப்பது என்பதில் எனக்கும் ஒரு சொல் உண்டு" என்னும் அவர்தம் வாதத்தை மறுப்பார் யார்? 1914இல் அவர் மறைந்தார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. பகலெல்லாம் கல்லுடைத்தவர் வாழ்ந்த ஊர், சொல்லைச் சோதித்த ஊராகவும் விளங்கிற்று.

1930ஆம் ஆண்டில் சுரங்க நிருவாகத்தார் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். பதிவு என்பது நிருவாகத்தாரின் சொல். குற்றவாளியிடம் பெறுவதை உழைப்பவனிடம் பெறுவதா என்பது தொழிலாளர் வினா. ஒரு செயலுக்கு இரு பெயர் உண்டென்பதையும், எப்பெயர் நிலைக்கின்றதோ அதனைப் பொறுத்தே நீதி அமையும் என்பதையும் அவ்வினா காட்டுகின்றது.

சொல்லடக்கத்துக்கும் நம் ஊரிலேயே சான்றுண்டு. நிலத்தின் அடியாழத்தில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். அது உலகப் புகழ் பெற்ற ஆய்வு. பின்னர்ப் புரோட்டான் சிதையுமா என்னும் ஆராய்ச்சி 1980இல் இங்குத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் தாம் கண்ட சில தடங்களைப் பற்றி எழுதிய அறிஞர்கள், "சிதைவைக் கண்டோம்" என்று முழங்கவில்லை; சிதைவாக இருத்தற்கு இடமுள்ள நிகழ்வுகள் என்னும் பொருளிலேயே தலைப்பிட்டனர். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த பேராய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. எனினும் அவ்வறிஞர்க்கு இழுக்கு நேர்ந்ததோ? இல்லை. சான்றின் அளவுக்கு மேல் அவர்தம் சொல் செல்லவில்லை. "உறுதியாக", "பெரும்பாலும்", "ஒருகால்", "போலும்" ஆகிய சொற்களின் வேறுபாட்டை நம் பிள்ளைகள் கற்பார்களாயின், நூறு அலங்காரச் சொற்களைக் கற்றதினும் அது மேலானது. நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் குற்றம். மிகைபடக் கூறலும் குற்றம்.

சொல்வளம் பெருக்கும் வழி யாது? நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனப்பாடம் செய்தனர். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டனர். இவற்றின் ஒரு பக்கத்தையேனும் நாள்தோறும் புரட்டுவது நன்று. ஆயினும் புலம்பெயர்ந்த நமக்கு வேறொரு நல்வாய்ப்பும் உண்டு. நம் பிள்ளைகள் தெருவில் கன்னடமும், வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்கின்றனர். இதனைச் சுமையென்று புலம்புவதை விடுத்து விளைநிலமாக்குதல் கூடும். தமிழ்ப் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆவதையும், 'பள்ளி' 'ஹள்ளி' ஆவதையும் காட்டினால், பகரம் ஹகரமாகும் நெறியைப் பிள்ளை தானே கண்டு வியக்கும். கன்னடத்தில் சொல்லைக் குறிக்கும் 'மாத்து', பழந்தமிழில் சொல் என்னும் பொருளில் வழங்கிய 'மாற்றம்' என்பதனோடு உறவுடையது என்றறியும் மாணவன், தமிழ் இலக்கியத்தையும் அண்டை வீட்டாரையும் ஒருசேர நெருங்குகின்றான்.

பெற்றோர் செய்யத்தக்கது எளிது. பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளைகள் நம்மிடையே பலர். இரவு உணவு வேளையில் அவர்களோடு ஏதேனும் ஒரு வினாவை எழுப்புக. பிள்ளை ஒரு கருத்துச் சொன்னால் "ஏன்?" என்று கேட்க, காரணம் சொன்னால் "எதிர்ப்பக்கத்தார் யாது சொல்வர்?" என்று கேட்க. பெரியோர் சொன்னதனால் மட்டும் வாதம் முடிந்ததென வாயடைத்தல் ஆகாது. பிள்ளையின் காரணம் வலியதாயின் பெற்றோர் உடன்பட்டுக் காட்டல் வேண்டும். எழுவகை மதங்களுள் முதலாவதாகிய உடன்படலைப் பிள்ளை வேறு யாரிடம் கற்கும்?

சங்கத்தாரும் ஒன்று செய்யலாம். இனி நடக்கும் சொற்போர்களில், பேசி முடித்த ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு தாளைத் தந்து, எதிரணியார் கூறியவற்றுள் தாம் ஏற்கும் ஒரு கருத்தையும், அப்பொருள் பற்றித் தம் சொந்த முடிவையும் எழுதச் செய்வோம். அதற்கும் மதிப்பெண் வழங்குவோம். நாம் மேலே கண்ட மாணவி அத்தாளில் என்ன எழுதுவாள் என்பது நமக்குத் தெரியாது. மூடியது தக்கதே எனினும் மூடிய முறை தக்கதன்று என அவள் எழுதலாம். முற்றிலும் தக்கதே என்றோ, தகாதது என்றோ எழுதலாம். எதை எழுதினும் இருபுறமும் எடைபோட்டு, அறிந்த சொல்லால், தன் பெயரிட்டு எழுதியதாக அது இருக்கும். லயன் வீட்டுக்கு உரிமை கேட்டு நாளை அவளே மனு எழுத நேரிடின், அம்மனுவில் பொய்யும் இராது, நடுக்கமும் இராது. அத்தகைய எழுத்துக்கு நம் பிள்ளைகளைப் பழக்குவது இச்சங்கத்தின் கடமை. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக.